கிறிஸ்துவுக்கும் கௌபாய்க்கும் ஒரே குரல்

மத்தேயு எழுதிய நற்செய்தியை பியர் பாவ்லோ பசோலினி 1964-இல் படமாக எடுத்தார். அதில் வரும் மலைப்பிரசங்கக் காட்சியில் திரை முழுக்கக் கிறிஸ்துவின் முகம்தான். ஒவ்வொரு போதனைக்கும் வானம் மாறுகிறது, வெளிச்சம் மாறுகிறது, முகம் மட்டும் அதே இடத்தில் நின்று பேசிக்கொண்டே போகிறது. நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பார்த்ததால் குரல் காதுக்குள்ளேயே ஒலித்தது. படக் காலண்டர்களில் நாம் பார்த்துப் பழகிய சாந்தமான இயேசுவுக்கு உரிய குரல் இல்லை அது. அவசரமும் கோபமும் உள்ள குரல். ஆறுதல் சொல்வதைக்கூட உத்தரவு போடுகிற மாதிரி சொல்கிறது. படம் முடிந்த பிறகும் அது போகவில்லை. இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்ற அரிப்பு. அதுவும் தேவாலயத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு இடத்தில்.

ஒரு முகத்தை எங்கே பார்த்தோம் என்று யோசித்தால் கூடவே ஒரு தெருவோ ஒரு கல்யாண மண்டபமோ வந்து நிற்கும். குரலுக்கு அப்படி எதுவும் வருவதில்லை. சில நாள் கழித்து, வேறு எதையோ செய்துகொண்டிருக்கும்போது சவப்பெட்டி ஞாபகம் வந்தது. செர்ஜியோ லியோனேயின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' படத்தில், சுருட்டைக் கடித்துக்கொண்டு நடந்து வரும் அந்நியன் சவப்பெட்டி செய்யும் கிழவரிடம் மூன்று பெட்டி தயார் செய்யச் சொல்லிவிட்டுப் போவான். சுட்டு முடித்துத் திரும்பும்போது, தப்பாகிவிட்டது, நாலு பெட்டி என்பான். அந்தப் படத்தை நான் ஒருமுறை இத்தாலிய ஒலித்தடத்தில் பார்த்திருந்தேன். கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் அந்த அந்நியனுக்கு இத்தாலிய மொழியில் பேசியவரும் பசோலினியின் கிறிஸ்துவுக்குப் பேசியவரும் ஒரே ஆள். பெயர் என்ரிகோ மரியா சலெர்னோ. இரண்டு படமும் 1964-இல், சில வார இடைவெளியில் இத்தாலியத் திரைக்கு வந்தவை.

இதை வெறும் சினிமா வினாடி வினாச் செய்தி என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்ல முயல்கிறேன்.

இரண்டு இத்தாலிகள்

நம் ஊரில் இத்தாலியப் படம் என்றால் இரண்டு கூட்டம் உண்டு. ஃபிலிம் சொசைட்டிக் கூட்டத்துக்கு இத்தாலி என்றால் சைக்கிளைத் தொலைத்துவிட்டு மகனோடு ரோம் முழுக்க அலையும் அப்பா. 1952-இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி மெட்ராஸ் போன்ற நகரங்களுக்கும் வந்தது. அப்போதிருந்தே விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' நமக்கு ஒரு பாடநூல். இன்னொரு கூட்டம் லியோனேயின் டாலர் கௌபாய் படங்களைக் கொண்டாடியது. அதில் பாதிப் பேருக்கு அது இத்தாலியப் படம் என்பதே தெரியாது. தெரியக் கூடாது என்று அதை எடுத்தவர்களே நினைத்தார்கள். லியோனே 'பாப் ராபர்ட்சன்' ஆனார். வில்லனாக நடித்த ஜான் மரியா வொலொன்தே 'ஜான் வெல்ஸ்' ஆனார். என்னியோ மொரிக்கோனே 'டான் சாவியோ' ஆனார். அமெரிக்கப் படம் என்று நம்பித்தான் இத்தாலிக்காரனே டிக்கெட் வாங்குவான் என்பது கணக்கு.

இந்த இரண்டு கூட்டமும் சந்தித்துக்கொள்வதே இல்லை. நான் மதிக்கும் ஒரு மூத்த ரசிகர் என்னிடம் அடிக்கடி சொல்வார்: "தம்பி, அம்பதுகளோட இத்தாலிய சினிமா முடிஞ்சுபோச்சு. அப்புறம் ஃபெல்லினி, அன்டோனியோனின்னு நாலு தனி ஆளுங்க. மிச்சமெல்லாம் வியாபாரம்." இந்தக் கருத்தைப் பல புத்தகங்களும் கொஞ்சம் நாகரிகமான நடையில் சொல்கின்றன. நிஜத் தெருவில் நிஜ வாழ்க்கையைக் காட்டிய நியோரியலிசத்துக்கு ஒரு அத்தியாயம், மேதைகளுக்கு ஒரு அத்தியாயம், ஹெர்குலிஸ் படம், கௌபாய் படம், கொலைகாரன் கத்தியோடு அலையும் ஜாலோ, போலீஸ் படம், திகில் படம் எல்லாவற்றையும் அடைத்துக் கடைசியில் ஒரு அத்தியாயம். எனக்கு இது எப்போதுமே நெருடியது. பதில் சொல்ல ஒரு பிடி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சலெர்னோவின் குரல் அந்தப் பிடியாக அமைந்தது.

வாய் ஒருவருடையது

இது எப்படிச் சாத்தியம் என்றால், இத்தாலியில் வாயும் குரலும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பேசும் படம் வந்த புதிதில் முசோலினியின் அரசு, திரையில் அந்நிய மொழி ஒலிக்கக் கூடாது என்று தடை போட்டது. வெளிநாட்டுப் படம் எல்லாம் இத்தாலியனில் பேசியாக வேண்டும். அதனால் ரோமில் டப்பிங் என்பது பெரிய தொழிலாக வளர்ந்தது. பின்னாளில் இத்தாலிய நகைச்சுவையின் பெரிய முகமான ஆல்பெர்தோ சோர்டி, இளம் வயதில் லாரல்-ஹார்டி படங்களில் ஹார்டிக்குக் குரல் கொடுத்துத்தான் பெயர் வாங்கினார்.

ஆட்சி போன பிறகும் பழக்கம் போகவில்லை. ராபர்டோ ரொசெல்லினி 1945-இல் 'ரோம், ஓபன் சிட்டி' எடுத்தபோது ஃபிலிம் சுருளுக்கே திண்டாட்டம். அதனால் பெரும்பாலும் ஒலி இல்லாமல் படம்பிடித்துவிட்டுப் பிறகு குரல் சேர்த்தார்கள். வாழ்க்கையை அப்படியே பிடித்தது என்று நாம் கொண்டாடும் சினிமாவின் பேச்சு, மூடிய அறைக்குள் மைக் முன்னால் நின்று பேசியது. ஃபெல்லினி இன்னும் ஒரு படி மேலே போய், நடிகர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லிவிட்டு வசனத்தைப் பிறகு எழுதிக்கொள்வார். க்ளாடியா கார்டினாலேவின் சொந்தக் குரலை இத்தாலிய ரசிகர்கள் முதன்முதலில் கேட்டது 1963-இல், ஃபெல்லினியின் 'எட்டரை' படத்தில். அதற்குள் அவர் நட்சத்திரமாகியிருந்தார்.

பசோலினியின் கிறிஸ்துவாக நடித்த என்ரிகே இராசோகி பத்தொன்பது வயதுப் பொருளாதார மாணவர். பார்சிலோனாவிலிருந்து, ஃபிராங்கோ ஆட்சிக்கு எதிரான மாணவர் இயக்கத்துக்கு ஆதரவு தேடி இத்தாலிக்கு வந்த பையன். ஈஸ்ட்வுட் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த நடிகர். இரண்டு அந்நிய உடம்புகள். இரண்டுக்கும் உயிர் கொடுக்க ரோமில் ஒரே தொண்டை. சலெர்னோ மிலானில் 1926-இல் பிறந்த நாடக நடிகர். மேடையில் பழுத்த அந்தக் குரலை பசோலினியும் லியோனேயும் வெவ்வேறு காரணத்துக்காகத் தேடிப் போயிருக்கலாம். ஆனால் திரையில் கிடைத்த விளைவு விசித்திரமாக ஒத்துப்போகிறது. யார் என்று தெரியாத ஒருவன் ஊருக்குள் வருகிறான். அவன் பேசினால் அதற்கு மேல் பேச்சில்லை. ஊரின் முதலாளிகளுக்கு அவனைப் பிடிப்பதில்லை. பசோலினி கம்யூனிஸ்ட், தன் படத்தைப் போப் இருபத்து மூன்றாம் ஜானின் நினைவுக்குக் காணிக்கையாக்கியவர். லியோனேவுக்கு ஜப்பானிய சாமுராய் கதை ஒன்றை மெக்சிகோ எல்லைக்கு மாற்றிப் பணம் பார்க்க வேண்டும். அதற்காக, அந்தக் கதையைப் படமாக எடுத்திருந்த டோஹோ நிறுவனத்திடம் வழக்கையும் வாங்கிக்கொண்டார். அவ்வளவு தூரத்தில் இருந்த இருவரின் நாயகர்களும் ஒரே குரலில் ஊரை அதட்டுகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தமான பகுதி, இது இத்தாலிக்காரனுக்கு மட்டும் கிடைத்த அனுபவம் என்பதுதான். இங்கே நாம் பார்ப்பது ஈஸ்ட்வுட் தன் சொந்தக் குரலில் பேசும் ஆங்கிலப் பிரதி. அப்போதைய ரோம்வாசி ஒருவர் இந்த வாரம் கிறிஸ்துவையும் அடுத்த வாரம் கௌபாயையும் பார்த்திருந்தால், நம் புத்தகங்கள் போட்ட அத்தியாயப் பிரிப்பு அவர் காதில் ஏறியிருக்கவே முடியாது.

சலெர்னோவின் பின்னால் நடந்தால்

அந்த மனிதர் நடித்த, பேசிய படங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு நடந்தால் இத்தாலிய சினிமாவின் எல்லாத் தெருவும் வந்துவிடுகிறது. 1958-இல் அமெரிக்க ஆணழகன் ஸ்டீவ் ரீவ்ஸை வைத்து எடுத்த 'ஹெர்குலிஸ்' பிய்த்துக்கொண்டு ஓடியதும் சினெசிட்டா ஸ்டூடியோவில் ஆளுக்கு ஆள் புராண வீரர் படம் எடுக்கக் கிளம்பினார்கள் அல்லவா, 1961-இல் விட்டோரியோ கொட்டாஃபாவி இயக்கிய ஹெர்குலிஸ்-அட்லாண்டிஸ் படத்தில் சலெர்னோ இருக்கிறார். கூடவே வொலொன்தேயும் இருக்கிறார். 1966-இல் மரியோ மோனிசெல்லியின் 'பிரான்காலியோனே' நகைச்சுவையில், கந்தல் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு புனித பூமிக்குக் கிளம்பும் வெறிபிடித்த துறவி இவர்தான். கிறிஸ்துவுக்குப் பேசி இரண்டு வருஷத்தில் அதே தொண்டையால் பக்தியைக் கேலி செய்கிறார். 1967-இல் 'பாண்டிடோஸ்' என்ற கௌபாய் படத்தில் நடிக்கிறார். அதை இயக்கிய மாசிமோ டல்லமானோ, லியோனேயின் முதல் இரண்டு டாலர் படங்களுக்கு ஒளிப்பதிவாளர். 1970-இல் டாரியோ அர்ஜென்டோவின் முதல் படமான 'தி பேர்ட் வித் தி கிறிஸ்டல் ப்ளூமேஜ்' வந்து ஜாலோ அலையைக் கிளப்பியது. அதில் விசாரணை செய்யும் போலீஸ் அதிகாரி சலெர்னோ. அதே ஆண்டு அவரே ஒரு காதல் படம் இயக்கினார், வெனிஸில் நடக்கும் சோகக் கதை. நாயகன் டோனி முசான்டே, அர்ஜென்டோ படத்தில் சாட்சியாக மாட்டிக்கொண்டு தவித்த அதே நடிகர்.

பிறகு 1972. இத்தாலியப் போலீஸ் படங்களின் பெரும் அலையைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் 'லா பொலித்ஸியா ரிங்க்ரத்ஸியா'வில் நாயகன், கமிஷனர் பெர்த்தோனே, சலெர்னோதான். குற்றவாளிகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமலே தீர்த்துக்கட்டும் ஒரு ரகசியக் கும்பலை அவர் துப்பறிகிறார். நூல் பிடித்துப் போனால் மேல்மட்டத்துக்குப் போகிறது. இயக்கியவர் ஸ்டெனோ, டோட்டோ என்ற சிரிப்பு நடிகரின் நகைச்சுவைப் படங்களுக்குப் பேர்போனவர். இந்த ஒரு படத்துக்குத்தான் ஸ்டெஃபானோ வான்ஸீனா என்ற தன் சொந்தப் பெயரைப் போட்டார். சிரிக்க வைக்கிற ஆளின் பெயரைப் பார்த்து ரசிகர்கள் வேறு எதையாவது எதிர்பார்த்து வந்துவிடக் கூடாதே!

அந்தப் படத்தை வெறும் வியாபாரம் என்று எப்படிச் சொல்வது? 1969 டிசம்பர் 12 அன்று மிலானின் பியாட்ஸா ஃபொன்டானாவில் ஒரு வங்கிக்குள் குண்டு வெடித்துப் பதினேழு பேர் இறந்தார்கள். முதலில் பழி அராஜகவாதிகள் மேல் விழுந்தது. பிறகு வலதுசாரிகளின் பக்கமும் அரசின் ரகசியத் துறையின் பக்கமும் கை நீண்டது. ஊரே யாரை நம்புவது என்று தெரியாமல் இருந்த காலத்தில், அரசுக்குள்ளேயே ஒரு நிழல் அரசு இருக்கிறது என்று டிக்கெட் வாங்கி வந்தவனிடம் நேராகச் சொன்ன படம் அது. ரொசெல்லினி தன் காலத்துத் தெருவைக் காட்டினார் என்றால் இவர்களும் தங்கள் காலத்துத் தெருவைத்தான் காட்டினார்கள். நடுவில் ஒரு கார் துரத்தலும் வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே கடை, அதே ஆட்கள்

சலெர்னோ மட்டும் விதிவிலக்கா என்றால் இல்லை. ஒளிப்பதிவாளர் டொனினோ டெல்லி கொல்லி பசோலினியின் கிறிஸ்துவைப் படம்பிடித்தார். இரண்டே ஆண்டில் லியோனேயின் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'யின் இடுகாட்டில் மூன்று ஜோடிக் கண்களைப் படம்பிடித்தார். மலைப்பிரசங்கத்து முகத்தையும் இடுகாட்டு முகங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள், அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கௌபாய் படத்தின் திரைக்கதையில் பங்குள்ள ஆஜே-ஸ்கார்பெல்லி ஜோடிதான், 'பிக் டீல் ஆன் மடோனா ஸ்ட்ரீட்' தொடங்கி இத்தாலிய நகைச்சுவையின் சிறந்த படங்களை எழுதியவர்கள். மொரிக்கோனேயின் 1966-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லியோனேயின் அதே கௌபாய் படத்தில் ஊளைச் சத்தமாக ஒலிக்கும் இசை, ஜில்லோ பொன்டேகொர்வோவின் 'பேட்டில் ஆஃப் அல்ஜீயர்ஸ்', பசோலினியின் 'தி ஹாக்ஸ் அண்ட் தி ஸ்பாரோஸ்'. மூன்றாவதில் கதாநாயகன் யார்? மக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த டோட்டோ. தயாரிப்பாளர் ஆல்பெர்தோ கிரிமால்டி லியோனேயின் கௌபாய்களில் சம்பாதித்தார். பின்னால் ஃபெல்லினியின் 'சாட்டிரிகான்', பசோலினியின் 'டெகமரான்' படங்களையும் அவர்தான் தயாரித்தார். கலைப்படத்தின் பக்கத்துச் சட்டைப்பையில் இருந்தது துப்பாக்கிப் படத்தின் பணம்.

நியோரியலிசமும் வானத்திலிருந்து விழவில்லை. 'ரோம், ஓபன் சிட்டி'யில் சுட்டுக் கொல்லப்படும் பாதிரியாராக நம்மைக் கலங்க வைத்த ஆல்டோ ஃபாப்ரீட்ஸி, மேடையில் சிரிப்பு மூட்டிப் பிழைத்தவர். டி சிகா முப்பதுகளில் இலகுவான காதல் நகைச்சுவைகளின் அழகு நாயகன். சாகும் வருஷத்தில், 1974-இல், ஒரு டிராகுலா படத்தில் பிரபுவாக வந்துவிட்டுப் போனார். 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தில் மழைக்கு ஒதுங்கும் இறையியல் மாணவர் கூட்டத்தில் ஒருவனாக நிற்கும் இளைஞன் செர்ஜியோ லியோனே. இரண்டு இத்தாலிக்கும் நடுவில் சுவர் இருக்கிறது என்பவர்கள் அந்த மழைக்காட்சியை நிறுத்திப் பார்க்கலாம்.

பாதியில் நுழைகிறவர்கள்

இத்தனை வகை எதற்கு என்ற கேள்விக்கு மேதைமையைக் காரணமாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அரங்குகள்தான் காரணம். 1955-இல் இத்தாலியில் விற்ற டிக்கெட்டுகள் சுமார் 82 கோடி. பச்சைக் குழந்தையையும் சேர்த்து ஆளுக்குப் பதினாறு, பதினேழு. நகரத்தின் முதல் தர அரங்குகளில் விலை அதிகம். அங்கே ஓடி முடித்த படம் இரண்டாம் தர அரங்குக்கும், அப்புறம் புறநகர், கிராமத்து மூன்றாம் தர அரங்குக்கும் இறங்கும். மூன்றாம் தர அரங்கில் ஆட்கள் பாதிப் படத்தில் வருவார்கள், பேசுவார்கள், சாப்பிடுவார்கள், பிடித்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். டூரிங் டாக்கீஸைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அந்த அரங்குகளுக்குத் தினம் தினம் படம் வேண்டும். ஒன்று ஓடினால் அதே மாதிரி நாற்பது வரும், அலுத்ததும் அடுத்த வகைக்குத் தாவுவார்கள். ஹெர்குலிஸ் தீர்ந்த இடத்தில் கௌபாய், கௌபாய் தீர்ந்த இடத்தில் போலீஸும் கத்திக்காரனும். நடுவில் 'ட்ரினிட்டி' படங்களில் பட் ஸ்பென்சர் - டெரன்ஸ் ஹில் ஜோடி துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அறைந்தே சிரிக்க வைத்தது. அதில் பட் ஸ்பென்சர், நிஜப் பெயர் கார்லோ பெதர்சோலி, ஒலிம்பிக்கில் நீந்தியவர், நூறு மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் கடந்த முதல் இத்தாலியர்.

எல்லாவற்றையும் உயர்ந்த கலை என்று நான் வாதாட வரவில்லை. இப்போது அந்தப் பக்கமும் ஒரு பஜனைக் கோஷ்டி இருக்கிறது. குப்பையைத் தோண்டி எடுத்து ரத்தினம் என்கிறார்கள். ஜாலோ படங்களில் பெண்ணின் கழுத்துக்குக் கத்தி நெருங்கும்போது கேமராவுக்கு வரும் உற்சாகம் எனக்கு இன்றும் ஒவ்வவில்லை. ருஜ்ஜேரோ டியோடாட்டோவின் 1980 நரமாமிசப் படத்தில் விலங்குகளை நிஜமாகவே கொன்றார்கள். நடிகர்களையும் கொன்றுவிட்டார் என்ற சந்தேகத்தில் அவர் மேல் வழக்குப் பாய்ந்தது. மனிதர்கள் உயிரோடுதான் இருந்தார்கள், ஆமைக்கு அந்த வாய்ப்பு இல்லை. என்ன விளக்கம் கொடுத்தாலும் எனக்கு அது மன்னிக்க முடியாத படம். அந்த ஓட்டமே சீக்கிரம் நின்றுபோனது. 1976-இல் அரசியல் சாசன நீதிமன்றம் உள்ளூர்த் தனியார் ஒளிபரப்புக்கு வழிவிட்டது. சேனல்கள் பெருகி ராத்திரி பகலாகப் படம் போட்டன. மூன்றாம் தர அரங்குகள் மூடின. அவற்றோடு அந்த வகைகளும் போயின. கூடவே மேதைகளுக்குப் பணம் போட ஆள் கிடைப்பதும் குறைந்தது. தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

போன மாதம் எங்கள் திரையிடல் குழுவில் ஒரு யோசனை சொன்னேன். ஒரே ஞாயிற்றுக்கிழமை, காலையில் பசோலினியின் நற்செய்தி, மதியம் லியோனே, இரண்டும் 1964, இரண்டும் இத்தாலிய ஒலியில். பசோலினிக்கு உடனே சரி என்றார்கள். மதியப் படத்துக்குத்தான் பிரச்சினை. அந்த மூத்த ரசிகரும் இருந்தார். "கௌபாய் படத்தை எத்தனை தடவை பார்க்கிறது தம்பி?" என்றார். இத்தாலியனில் பார்த்திருக்கிறீர்களா சார் என்று கேட்டேன். இல்லை என்றார். கிறிஸ்துவின் குரல் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, போடு. ஆனா கௌபாயைக் காலையில போடு. பசோலினிக்கு அப்புறம்னா ஒருத்தனும் இருக்க மாட்டான்." மூன்றாம் தர அரங்கு முதலாளி ஒருவர் அவருக்குள் ஒளிந்திருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் சொன்ன வரிசைதான் சரி.